லேப்டாப்பை டிவியில் இணைத்தால் 'நோ சிக்னல்' என்றே வருகிறது, என்ன செய்வது?

கோத்தகிரியில் வீடு, லேப்டாப்பின் டைப்-சி துளையிலிருந்து டிவியின் எச்டிஎம்ஐக்கு வயர் போட்டும் படம் வரவில்லை, வயரைச் செருகும்போது விரலில் சுரீர் என்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். படம் வராதது அப்புறம். சுரீர் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

லேப்டாப் அடாப்டருக்குள் மின் இரைச்சலை அடக்க ஒரு சிறிய கெப்பாசிட்டர் இருக்கும். அதன் வழியே மிகக் கொஞ்சம் மின்சாரம் வெளிப்பக்கம் கசியும். மூன்று பின் பிளக்கும் ஒழுங்கான எர்த்தும் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இரண்டு பின் அடாப்டர் என்றால் போக வழியின்றி லேப்டாப்பின் உலோகப் பாகத்திலேயே நிற்கும். டிவியின் பின்னால் கேபிள் வயரோ டிஷ் வயரோ மாட்டியிருந்தால் அது வெளியே எங்கோ தரையைத் தொட்டிருக்கும். இரண்டையும் எச்டிஎம்ஐ வயரால் சேர்க்கும் நொடியில் தேங்கி நின்றது அந்த வயர் வழியே பாய்கிறது. டிவியில் ஒரு எச்டிஎம்ஐ போர்ட் மட்டும் செத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே டிவி பிளக், அடாப்டர் பிளக் இரண்டையும் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு எச்டிஎம்ஐ வயரை இரு பக்கமும் மாட்டுங்கள். அதன் பிறகு கரண்ட் கொடுங்கள். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவது நல்லது. தேயிலைத் தோட்ட லைன் வீடுகளிலும் பழைய ஓட்டு வீடுகளிலும் போர்டில் மூன்றாவது துளை இருந்தாலும் உள்ளே எர்த் வயர் வந்திருக்கும் என்று நம்ப முடியாது. எலக்ட்ரீஷியனை அழைத்து ஒருமுறை சோதித்துவிடுங்கள். லேசான சுரீர் இல்லாமல் கையை உதறும்படி அடித்தால் அது இந்தக் கசிவு அல்ல. அதைச் சரிசெய்யும் வரை எதையும் இணைக்க வேண்டாம்.

இனி 'நோ சிக்னல்'. டைப்-சி வடிவத்தில் இருக்கும் எல்லாத் துளையும் படத்தை அனுப்பாது. விலை குறைந்த பல லேப்டாப்களில் அது டேட்டாவுக்கும் சார்ஜுக்கும் மட்டும்தான். துளைக்குப் பக்கத்தில் 'D' எழுத்துக்குள் 'P' அடங்கிய குறியோ, தண்டர்போல்ட்டின் மின்னல் அம்புக் குறியோ இருந்தால் படம் வரும். குறி இல்லையென்றால் மாடல் பெயரைப் போட்டு, டைப்-சி வழியே படம் அனுப்பும் வசதியான 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' உண்டா என்று தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் பாருங்கள். இல்லையென்றால் சாதாரண 'டைப்-சி டு எச்டிஎம்ஐ' கன்வெர்ட்டர் வாங்கினால் காசு வீண். லேப்டாப்பில் எச்டிஎம்ஐ துளையே தனியாக இருந்தால் யோசிக்காமல் அதையே பயன்படுத்துங்கள்.

பழைய லேப்டாப்பில் படத்துக்கான பழைய வகைத் துளையான விஜிஏ மட்டும் இருந்தால் 'விஜிஏ டு எச்டிஎம்ஐ' கன்வெர்ட்டர் வேண்டும். 'எச்டிஎம்ஐ டு விஜிஏ' பார்க்க ஏறக்குறைய அப்படியே இருக்கும், எதிர்த்திசையில் வேலை செய்யாது. கடையில் பெட்டியைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். விஜிஏயில் ஒலி வராது என்பதால் 3.5 மி.மீ. ஆடியோ வயரும், கரண்டுக்கு யூஎஸ்பி வாலும் சேர்ந்தே வரும். இரண்டையும் செருக வேண்டும்.

மாட்டிய பிறகு ரிமோட்டில் சோர்ஸ் அல்லது இன்புட் பட்டனை அழுத்தி, வயர் எந்த எண்ணில் இருக்கிறதோ அந்த எச்டிஎம்ஐயைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் விண்டோஸ் பட்டனையும் 'P'யையும் சேர்த்து அழுத்தினால் நான்கு வழி காட்டும். படம் பார்க்க 'டூப்ளிகேட்' அல்லது 'செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி' போதும். அப்படியும் இருட்டாக இருந்தால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், 'B' ஆகிய நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள், கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். 4கே டிவியில் படம் வந்து வந்து போனால் முதலில் 1920 x 1080, 60 ஹெர்ட்ஸ் என்று குறைத்துப் பாருங்கள். அதில் நிலையாக நின்றால் பெரும்பாலும் வயர்தான் பலவீனம். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு நொடிக்கு 18 ஜிகாபிட் (18 ஜிபிபிஎஸ்) தாங்கும் 'பிரீமியம் ஹை ஸ்பீட்' வயர் தேவை, 3 மீட்டருக்குள் இருந்தால் தொந்தரவு குறைவு.

ஒலி லேப்டாப்பிலேயே கேட்டால், கீழே ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கி டிவியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். ஓரம் வெட்டுப்பட்டால் கோளாறு பெரும்பாலும் லேப்டாப்பில் இல்லை. டிவியின் பிக்சர் சைஸில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஃபிட் டு ஸ்கிரீன்', 'ஃபுல் பிக்சல்' என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் இருக்கும், அதைப் போடுங்கள்.

வயர் இல்லாமல் வேண்டுமானால் விண்டோஸ் பட்டனும் 'கே'யும். டிவியில் மிராகாஸ்ட் (வயர் இல்லாமல் திரையை வாங்கிக் காட்டும் வசதி) இருந்தால் போதும். லேப்டாப் நேரடியாக டிவியோடு பேசுவதால் இன்டர்நெட் தேவையில்லை. மழையில் நெட் போகும் நாளிலும், இறக்கி வைத்த படத்தைப் பார்க்கலாம். ஆனால் ஒரே அறையில், குறுக்கே சுவர் இல்லாமல் இருக்க வேண்டும். நம் பக்கத்துப் பழைய கல் சுவர்கள் அலையை நன்றாகவே தடுக்கும். என் தேர்வு எப்போதும் வயர்தான்.

டிசம்பர், ஜனவரிக் குளிரில் வெளியிலிருந்தோ காரிலிருந்தோ கொண்டுவந்த லேப்டாப்பை ஹீட்டர் போட்ட அறையில் உடனே ஆன் செய்யாதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் அறைக் காற்றின் ஈரம் நீராகப் படியும், உள்ளேயும்தான். பையைத் திறக்காமலே ஒரு மணி நேரம் விடுங்கள். எச்டிஎம்ஐ துளைகளை மாதக்கணக்கில் திறந்தே விட்டால் மஞ்சு ஏறி பின்கள் கறுக்கும். ரப்பர் மூடி போட்டு வையுங்கள். கறுத்துவிட்டால் கரண்டைப் பிடுங்கிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை வயர் முனையில் லேசாகத் தடவி இரண்டு மூன்று முறை செருகி எடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஆன் செய்யுங்கள்.

கோத்தகிரிப் பக்கம் இடி மிகுதியாக வருவது ஏப்ரல், மே கோடை மழையிலும் அக்டோபர், நவம்பரிலும். அப்போது சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. டிஷ் வயர் வழியே வரும் மின்னல் டிவிக்குள் புகுந்து, எச்டிஎம்ஐ வழியாக லேப்டாப் வரை போகும். மேகம் கறுத்து, முதல் இடி கேட்பதற்கு முன்பே டிவி பிளக், அடாப்டர், டிஷ் வயர், எச்டிஎம்ஐ நான்கையும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிவிட்டால் அந்த வயர்களைத் தொடாதீர்கள்.