கை இறங்கினால் ஒவ்வாமையா?

கோதுமைக் குப்பியை ஒரு கையில் கொடுத்து, நீட்டிய மறுகையை அழுத்தியபோது அது இறங்கிவிட்டது; அதனால் கோதுமையையும் பாலையும் நிறுத்தச் சிகிச்சையாளர் சொல்கிறார், வயிற்று உப்புசத்துக்கு இதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதை மட்டும் நம்பி எதையும் நிறுத்தாதீர்கள்.

1964இல் அமெரிக்க கைரோபிராக்டர் (முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் சிகிச்சையாளர்) ஜார்ஜ் குட்ஹார்ட் தொடங்கிய, ‘அப்ளைடு கினீசியாலஜி’ என்னும் தசைச் சோதனை முறை இது. கை இறங்கியது உண்மைதான், ஆனால் காரணம் குப்பி இல்லை. முழங்கைக்குப் பதில் மணிக்கட்டில் அழுத்தினால் நெம்புகோல் நீளும், குறைந்த விசையே போதும். நீங்கள் தயாராகும் முன்பே அழுத்தினாலும் அப்படித்தான். அடுத்தடுத்துச் செய்தால் தோள்தசை களைத்துவிடும். குப்பியில் என்ன இருக்கிறது என்பது இருவருக்கும் தெரிவதால், அறியாமலே விசை மாறும். சிகிச்சையாளர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை.

சந்தேகம் இருந்தால் சோதியுங்கள். ஒரே எடையில் இரண்டு ஒளிபுகாக் குப்பிகள்: ஒன்றில் கோதுமை மாவு, மற்றதில் சர்க்கரை. மூன்றாமவர் நாணயம் சுண்டிக் குப்பியைத் தேர்ந்து வைத்துவிட்டு அறையை விட்டு வெளியேறட்டும். சிகிச்சையாளர் கையை அழுத்திப் பார்த்து, எந்தக் குப்பி என்று சொல்லட்டும்; இடையில் ஒரு நிமிட ஓய்வுடன் 20 முறை. குருட்டு ஊகமே சுமார் 10 சரியாக வரும். 15க்கு மேல் வந்தால் பேசலாம்.

உப்புசத்துக்கு வருவோம். பால் சர்க்கரை செரிக்கிறதா என்று பார்க்க ஹைட்ரஜன் மூச்சுச் சோதனை உண்டு. இல்லையேல் பாலை இரண்டு வாரம் நிறுத்தி, மீண்டும் குடித்துப் பாருங்கள். கோதுமையை மட்டும், சீலியாக் நோய்க்கான (கோதுமையின் குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) டிடிஜி-ஐஜிஏ ரத்தப் பரிசோதனைக்கு முன் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அந்தப் பரிசோதனை தேடும் எதிர்பொருள் அளவு குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். எடை குறைந்தாலோ மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, இந்தச் சோதனைகளுக்கெல்லாம் காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள்.