மேற்குப் பார்த்த வாசல், தார்சுக் கூரை, சோலார்: எதை முதலில் செய்வது?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே 8 சென்ட் இடத்தில் 1,200 சதுர அடியில் வீடு கட்டுகிறோம். அடித்தளம் முடிந்துவிட்டது, தை பிறந்ததும் சுவர் எழுப்ப இருக்கிறோம். சாலை மேற்கில் இருப்பதால் வாசலும் மேற்குப் பார்த்தே வருகிறது. படுக்கையறை ஒன்று தென்மேற்கு மூலையில் அமைகிறது. இரண்டு ஏசி போட்டு, அதற்கு ஈடாக 5 கிலோவாட் சோலார் வைத்துவிடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். காற்று இவ்வளவு அடிக்கிறதே, மாடியில் சிறு காற்றாலை வைக்கலாமே என்பது தம்பியின் யோசனை. எலிப்பொறிச் சுவரும் ஓடு பதித்த கான்கிரீட்டும் குளிர்ச்சி என்று கேள்விப்பட்டேன், "உள்ளே பொள்ளலாக இருக்கும் சுவர் நிற்குமா?" என்று அப்பா அஞ்சுகிறார். இப்போது வாடகை வீட்டில் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்:

ஒப்பந்தக்காரர் சொல்லும் வரிசை தலைகீழாக இருக்கிறது. வெயிலை வீட்டுக்குள் விட்டுவிட்டு, அதை வெளியேற்ற இரண்டு ஏசி வைத்து, அந்த ஏசிகளுக்காக 5 கிலோவாட் சோலார் வாங்குவது ஒரே செலவை மூன்று முறை செய்வதாகும். உங்கள் சுவர் இன்னும் எழும்பவில்லை என்பது பெரிய நல்வாய்ப்பு. கூரையையும் மேற்குச் சுவரையும் இப்போதே சரியாக அமைத்துக்கொண்டால், ஒரு ஏசியும் 3 கிலோவாட் சோலாரும் உங்கள் குடும்பத்துக்குப் போதும் என்பது என் கணிப்பு.

கூரையை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், உங்கள் ஊர் வடக்கு அட்சரேகை 10 முக்கால் பாகைக்கு அருகில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் ஒரு முறையும் ஆகஸ்ட் கடைசியில் ஒரு முறையும் நண்பகல் சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேல் வந்து நிற்கிறது. கோடையில் அதிகமான வெயிலை வாங்குவது சுவரன்று, கூரையே. நாலைந்து அங்குலக் கான்கிரீட் அந்தச் சூட்டைப் பகலெல்லாம் குடித்து, சில மணி நேரம் கழித்து, நாம் படுக்கப் போகும் வேளையில் கீழே இறக்குகிறது. வேலந்தாவளத்தில் சித்திரை மாதத்தில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனபோது, இரவு 9 மணிக்கு ஏணி போட்டு ஏறிக் கூரையின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் கண்டவரின் நெற்றியைத் தொட்டது போல இருந்தது. வெளியே முற்றத்தில் காற்று குளிர்ந்துவிட்டிருந்தது. அந்த வீட்டு ஏசி அறைக்காற்றோடு மட்டும் போராடவில்லை. தலைக்கு மேல் கிடந்த பல டன் சூடான கான்கிரீட்டோடு விடியும்வரை போராடிக்கொண்டிருந்தது.

அடுத்தது மேற்குச் சுவர். எல்லாரும் ஜன்னலுக்கு மேல் இரண்டடி சன்ஷேட் போட்டுவிட்டு வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். ஏப்ரலில் மாலை 4 மணிக்குச் சூரியன் தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய 36 பாகை உயரத்தில் நிற்கும். அந்தச் சாய்வில் இரண்டடி சன்ஷேட்டின் நிழல் ஒன்றரை அடிக்குத்தான் கீழே இறங்கும், மீதி ஜன்னல் முழுவதும் வெயிலில் காயும். ஆறடி அகலத்தில் ஒரு திண்ணைத் தாழ்வாரம் இருந்தால் அதே நேரத்தில் நாலரை அடி வரைக்கும் நிழல் இறங்கும். அதற்குப் பிறகு வரும் தாழ்ந்த வெயிலைத் தாழ்வாரத்தின் வெளிவிளிம்பில், இடையிடையே துளை விட்டு எழுப்பும் செங்கல் ஜாலி தடுத்துவிடும். நம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் திண்ணையும் இறக்கிய தாழ்வாரமும் இருந்தது அழகுக்காக மட்டுமன்று. உங்கள் தென்மேற்குப் படுக்கையறைக்கும் அந்தத் தாழ்வாரத்தை நீட்டிவிடுங்கள். முன்புறத் திறந்தவெளியின் அளவு குறையக் கூடாது. பஞ்சாயத்தில் கொடுத்த வரைபடத்தில் இது இல்லையென்றால் திருத்திய வரைபடத்துக்கு அனுமதி வாங்கிய பிறகே தூண் நிறுத்துங்கள்.

ஜாலியை நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே திறந்து கிடக்கும் வாய். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்தும், மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்டும் காற்று இதன் வழியே பாய்கிறது. ஆக, உங்கள் மனையில் வெயிலும் காற்றும் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன. ஒன்றைத் தடுத்து மற்றொன்றை உள்ளே விட வேண்டும். கெட்டிச் சுவரால் அது முடியாது, கண்ணாடி ஜன்னலாலும் முடியாது. நிழலில் இருக்கும் ஜன்னலும் அதற்கு முன்னால் ஜாலியும் இருந்தால் முடியும். உள்ளே வந்த காற்று வெளியேறக் கிழக்குச் சுவரில் அதே அளவு, முடிந்தால் சற்றுப் பெரிய திறப்பு வேண்டும். நடுவிலுள்ள அறைக்கதவுகளை இரவில் சாத்திவிடுவீர்கள் என்பதால், கதவுகளுக்கு மேலே திறந்து மூடும் வென்டிலேட்டர் வையுங்கள். ஜன்னலின் இடத்தை முடிவு செய்யும் முன் மாலையில் மனையில் நின்று, ஊதுபத்தி ஒன்றை ஏற்றிக் கையில் பிடித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டு மதிலும் தென்னை வரிசையும் காற்றை எப்படித் திருப்புகின்றன என்பதை எந்த வரைபடத்தையும்விட அந்தப் புகை தெளிவாகக் காட்டும். ஆனால் வெளியே 40 பாகை வெப்பம் அடிக்கும் பங்குனி, சித்திரைப் பகல்களில் ஜன்னலைத் திறந்து வைத்தால் சூடுதான் உள்ளே வரும். அந்த மாதங்களில் காலை 10 மணிக்கு அடைத்து, பொழுது சாய்ந்த பிறகு திறப்பதே முறை.

தம்பியின் காற்றாலை யோசனை இயல்பானது. கேரள மின்வாரியம் தன் முதல் காற்றாலைத் தொகுப்பை 1995இல் இதே கணவாயில், கஞ்சிக்கோட்டில்தான் அமைத்தது. ஆனால் காற்றிலுள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப மாறுகிறது. வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். பெரிய காற்றாலைகள் மரங்களுக்கெல்லாம் மேலே, சீரான காற்றில் நிற்கின்றன. உங்கள் மாடியோ தென்னை மட்டத்துக்குக் கீழே, காற்று சுழன்று தடுமாறும் உயரத்தில் இருக்கிறது. 2 மீட்டர் விட்டமுள்ள இறக்கை நொடிக்கு 4 மீட்டர் வேகக் காற்றில் சுமார் 120 வாட் ஆற்றலைச் சந்திக்கிறது. சிறு காற்றாலை அதில் கால் பங்கைப் பிடித்தால் கிடைப்பது 30 வாட், அதாவது குறைந்த மின்சாரத்தில் சுற்றும் பி.எல்.டி.சி. மின்விசிறி ஒன்று ஓடும் அளவு. இதற்காக மாடியில் அதிர்வையும் இரைச்சலையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் வீட்டிலுள்ள எல்லா மின்விசிறிகளையும் பி.எல்.டி.சி. ஆக்கிவிடுங்கள்; சாதாரண விசிறி ஒன்று 70 வாட்டுக்கு மேல் எடுக்கும் இடத்தில் இது அதில் பாதியில் ஓடும்.

இனி அப்பாவின் அச்சம். அவர் கேட்பது நியாயமான கேள்வி. எலிப்பொறிக் கட்டில் செங்கல்லைப் படுக்க வைக்காமல், பக்கவாட்டில் நிமிர்த்தி இரு வரிசையாக அடுக்குகிறார்கள். 9 அங்குலச் சுவரின் நடுவே 3 அங்குல இடைவெளி விழுகிறது. அந்தக் காற்றறைதான் வெப்பத்தைத் தடுக்கிறது. செங்கல்லும் ஏறக்குறையக் கால் பங்கு மிச்சம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இந்த முறையைக் கேரளத்தில் வேரூன்றச் செய்தார். 1985இல் தொடங்கப்பட்டுத் திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்ட காஸ்ட்ஃபோர்ட் என்ற அமைப்பு இன்றும் இதில் கட்டிவருகிறது, பயிற்சியும் தருகிறது. இரண்டு மாடிப் பாரத்தை இந்தச் சுவர் தாங்கும். எலியோ பல்லியோ நுழைந்து ஊருக்குள் சுற்றுவது போலச் சுவருக்குள் சுற்றவும் முடியாது. ஒவ்வோர் இடைவெளியையும் குறுக்குக் கல் அடைக்கிறது, அடிவரிசையும் மேல்வரிசையும் கெட்டியாகக் கட்டப்படுகின்றன. ஆயினும் இந்தச் சுவர் கெட்டுப்போவது கொத்தனாரின் கையில்தான். சாந்து பூசும்போது இடைவெளியின் மேல் ஒரு மரப்பலகைத் துண்டை வைத்துக்கொள்ளாவிட்டால் சாந்து உள்ளே சரிந்து காற்றறையை நிரப்பிவிடும். "பலத்துக்காக" என்று வேண்டுமென்றே நிரப்புபவர்களையும் பார்த்திருக்கிறேன். முதல் மூன்று வரிசை எழும்போது அருகில் நின்று உள்ளே எட்டிப் பாருங்கள். ஜன்னல் அடியிலும், ஜன்னல், கதவுகளுக்கு மேல் வரும் உத்தரமான லின்டலுக்குக் கீழும் கெட்டி வரிசை வர வேண்டும். மூலைகளில் உள்ள பொள்ளலில் ஒரு செங்குத்துக் கம்பியை நிறுத்திக் கான்கிரீட்டால் நிரப்பச் சொல்லுங்கள். 1900 பிப்ரவரி 8 அன்று இந்தக் கணவாய்ப் பகுதியில் வலுவான நிலநடுக்கம் ஏற்பட்டது. அதை மனத்தில் வைத்துக் கட்டுவதில் கூடுதல் செலவு மிகக் குறைவு. செங்கல் ஒரே அளவாக இருந்தால்தான் இந்தக் கட்டு அமையும். கோணலான சூளைக்கல் கிடைக்கிறதென்றால் இந்த முறையை விட்டுவிட்டுச் சாதாரண 9 அங்குலச் சுவரே கட்டுங்கள், நிழலைச் சரியாகக் கொடுத்தால் அதுவே போதும்.

அடித்தளத்துக்குள் தரையை நிரப்பும் வேலை இன்னும் மிச்சமிருந்தால், உங்கள் பக்கத்துக் கரிசல் மண்ணைக் கொட்ட வேண்டாம். மழையில் உப்பி, கோடையில் சுருங்கித் தரை ஓடுகளைப் பிளந்துவிடும். சரளை மண்ணோ செம்மண்ணோ போட்டு, தண்ணீர் விட்டு, அடுக்கடுக்காக இடித்து நிரப்புங்கள்.

ஓடு பதித்த கான்கிரீட்டில் சூட்சுமம் எளிது. கூரைக் கான்கிரீட்டின் அடிப்பகுதி இழுவிசையை வாங்குகிறது. அங்கே வேலை செய்வது கம்பி, கான்கிரீட் அன்று. அந்தப் பயனற்ற கான்கிரீட்டின் இடத்தில், கம்பிகளுக்கு நடுவே, இரண்டு மங்களூர் ஓடுகளை ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்தால் எடையும் செலவும் குறையும், நடுவில் அடைபட்ட காற்று சூட்டையும் தணிக்கும். இடிக்கும் பழைய வீடுகளில் நல்ல ஓடு கிடைக்கும். அவற்றைத் தண்ணீரில் ஊறவைத்த பிறகே வைக்க வேண்டும். காய்ந்த ஓடு கான்கிரீட்டின் தண்ணீரை உறிஞ்சிவிடும். சுவரை ஒட்டிய ஓரங்களில் ஓடு வைக்கக் கூடாது. கம்பி இடைவெளியைப் பொறியாளர் கணக்கிட்டுத் தர வேண்டும், மேஸ்திரியின் அனுபவம் மட்டும் இதற்குப் போதாது. மேல்பக்கம் வெள்ளை ஓட்டுச் சில்லுகளைப் பதியுங்கள், அல்லது வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவாவிட்டால் பாசியும் தூசும் படிந்து அதன் பயன் குறையும்.

இப்போது சோலார். ஒரு கிலோவாட் உங்கள் பகுதியில் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 700 யூனிட். உங்கள் 400 யூனிட் போக ஓர் ஏசிக்கும் இண்டக்‌ஷன் அடுப்புக்கும் இடமிருக்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் வீட்டுக்கூரை சோலார் திட்டமான பி.எம். சூர்ய கரில் மானியம் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000 ரூபாய். 78,000 ரூபாயோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் வைக்கும் 2 கிலோவாட்டை முழுக்க உங்கள் கைக்காசில்தான் வைக்கிறீர்கள்.

540 வாட் சோலார் தகடுகள் 6 போதும். அவை சுமார் 170 சதுர அடியை மறைக்கும். இந்த நிழலை வீணாக்காதீர்கள். பொதுவாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், படிக்கட்டுக் கூரை மேல் என்று கிடைத்த இடத்தில் தகடுகளை வைத்துவிடுகிறார்கள். நீங்கள் தென்மேற்குப் படுக்கையறைக்கு நேர் மேலே வையுங்கள். நிழல் விழும் கூரை குளிர்ந்து கிடக்கும். தெற்குப் பார்த்து 10 பாகைச் சாய்வு போதும், மழையே தூசியைக் கழுவிவிடும். அடியில் ஓரடியாவது காற்றோட்டம் விட வேண்டும். தகட்டின் சூடு 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் உற்பத்தி சுமார் 0.35 விழுக்காடு குறைகிறது, 65 பாகையில் 14 விழுக்காடு போய்விடும். பக்கத்துத் தோப்பின் ஒற்றைத் தென்னை நிழல் ஒரு தகட்டில் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதன் உற்பத்தியும் பாதிக்கப்படக்கூடும் என்பதால், காலை 9, மாலை 4 மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று சாக்கட்டியால் மாடியில் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: பேட்டரி இல்லாத சாதாரண இன்வெர்ட்டர், கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்கும்பொருட்டு, மின்தடை வந்ததும் தானும் நின்றுவிடும். ஆடிக் காற்றில் கரண்ட் போகும் ஊரில் விளக்கும் விசிறியும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு சேர்ந்து ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் சிறு பேட்டரியும் தேவை.

கவலைப்பட வேண்டியது அந்தக் காற்றைப் பற்றியே. எட்டடி உயரக் கம்பிச் சட்டத்தில் தகடுகளைத் தூக்கி நிறுத்தும் வழக்கம் பரவியிருக்கிறது. கணவாய்க் காற்றில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நம் பகுதிக்கு இந்தியத் தரநிலை வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு 90 கிலோ எடைக்கு நிகரான அழுத்தம் உண்டாகும். 6 தகடுகளையும் கிளப்பும் விசை ஒரு டன்னைத் தாண்டக்கூடும். ஓடு பதித்த கான்கிரீட்டில் இதற்காகப் பின்னால் துளை போட்டு போல்ட் இறக்கினால், அது உள்ளே பதித்த மங்களூர் ஓட்டில்தான் போய்க் குத்தும், பிடிமானம் இருக்காது. ஆகவே சட்டத்தின் கால்கள் எங்கே வரும் என்பது கான்கிரீட் போடும் முன்பே தெரிய வேண்டும். அந்த இடங்களில் ஓடு வைக்காமல், கம்பியை மேலே நீட்டி விட்டு, கான்கிரீட்டோடு சேர்த்துப் பீடமும் வார்த்துவிட வேண்டும். சோலார் ஒயருக்கான குழாயையும் அப்போதே பதித்துவிட வேண்டும். சென்ட்ரிங் பலகை அடிக்கும் வாரத்தில் பொறியாளர், மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், சோலார் பொருத்துபவர் ஆகிய நால்வரையும் ஒரே காலையில் பலகை மேல் ஏற்றி, ஓடு வரும் இடத்தையும் பீடம் வரும் இடத்தையும் இரண்டு நிறச் சாக்கட்டியால் கட்டம் போட்டுக் குறிக்கச் செய்யுங்கள். அந்தக் கட்டத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே கம்பி கட்ட விடுங்கள்.