வலைப்பூவை மூடிவிட்டு யூடியூபுக்குப் போகலாமா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கத்தில் ஆறு ஏக்கரில் இயற்கை விவசாயம் செய்கிறேன். பாரம்பரிய நெல், நாற்றங்கால், பூச்சிவிரட்டி, எங்கள் பக்கத்துக் கோயில்கள் என்று 2010 முதல் வலைப்பூவில் எழுதி வருகிறேன். நானூறு பதிவுக்கு மேல் சேர்ந்துவிட்டது. முன்பெல்லாம் ஒரு பதிவு போட்டால் அன்றைக்கே இருபது பின்னூட்டம் வரும். இப்போது ஈ, காக்கை இல்லை. "யாருப்பா இதையெல்லாம் உட்கார்ந்து படிக்கப் போறா? அத்தனையையும் வீடியோவா போடுங்க" என்கிறான் மகன். கேமரா முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. வலைப்பூவை மூடிவிட்டு யூடியூபுக்குப் போய்விடலாமா? பழைய பதிவுகளை என்ன செய்வது? வருமானம் வரும் என்கிறார்களே, உண்மையா?
வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: மூடாதீர்கள். வீடியோவும் எடுங்கள். ஆனால் நானூறு பதிவையும் நானூறு வீடியோவாக்கும் வேலையில் இறங்க வேண்டாம். அவற்றில் முக்கால்வாசி எழுத்தாக இருந்தால்தான் யாருக்காவது பயன்படும்.

பின்னூட்டம் நின்றதற்கு உங்கள் எழுத்து காரணமில்லை. 2010-இல், பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தமிழ்மணம் போன்ற திரட்டிகளின் முகப்பில் உங்கள் தலைப்பு வந்து நிற்கும். சக பதிவர்கள் வந்து படித்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். பிறகு அரட்டை ஃபேஸ்புக்குக்கும் வாட்ஸ்அப்புக்கும் நகர்ந்தது. பலர் பதிவுகளைத் தொடர்ந்து படிக்க வைத்திருந்த கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடினார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தபின் வரப்பில் நின்றபடியே வீடியோ பார்ப்பது சாதாரணமாகிவிட்டது. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். காலியான இடத்தைப் பிடிக்க ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இந்தியாவில் இறங்கின. இத்தனை இழுப்புக்கு நடுவில் பின்னூட்டப் பெட்டி காலியாகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வலைப்பூவின் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து, தொடக்கத்திலிருந்து இன்றுவரை எந்தப் பதிவுகளுக்கு அதிகப் பார்வை என்று ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் கூகுளில் தேடி வருகிறவர்களுக்கு உதவும் பதிவுகள்தான் முன்னால் நிற்கும்: எந்த ரகம் எத்தனை நாள், எந்தக் கரைசல் எவ்வளவு. அப்படி வருகிறவர் பின்னூட்டம் போடுவதில்லை. வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இப்போது தேடல் பக்கமே மேலே ஒரு விடையை எழுதிக் காட்டிவிடுவதால், அவர்களிலும் ஒரு பகுதி உங்கள் பக்கம் வரை வருவதில்லை. அதற்காக ஆளே இல்லை என்று கணக்கு எழுதிவிட வேண்டாம்.

மகன் சொல்வதிலும் பெரிய நியாயம் இருக்கிறது. காதால் கேட்டு விவசாயம் கற்பது டெல்டாவுக்குப் புதிதல்ல. 1960களில் ஆடுதுறையில் உருவான ஏ.டி.டி. 27 நெல்லைத் திருச்சி வானொலி ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. தஞ்சாவூர் விவசாயிகள் அதை 'ரேடியோ நெல்' என்றே கூப்பிட்டார்கள். உங்கள் பதிவை ஒருநாளும் படித்திருக்காத குத்தகைக்காரர், நடவுக்கு வரும் பெண்கள், பக்கத்து வயல்காரர் எல்லோர் கையிலும் இன்று போன் இருக்கிறது. அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை எழுதிக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை.

எதை வீடியோவாக்குவது, எதை எழுத்தில் விடுவது என்பதற்கு நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுப் பார்ப்பேன்: இந்த வேலையைச் செய்கிறவர் என்னுடைய கையைப் பார்க்க வேண்டுமா, ஓர் எண்ணைப் பார்க்க வேண்டுமா?

விதைநெல்லை உப்புக் கரைசலில் போட்டுத் தேர்வு செய்வதை எடுத்துக்கொள்வோம். தண்ணீரில் முட்டையைப் போட்டு, அது மேலே வந்து காசளவு தலைகாட்டும் வரை உப்பைக் கரைத்துக்கொண்டே போக வேண்டும். பிறகு நெல்லைக் கொட்டினால் பதரும் அரைகுறை மணியும் மேலே மிதக்கும். அதை அரித்து எடுத்துவிட்டு, அடியில் தங்கியதை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். இதை நான்கு பத்தி எழுதினாலும் 'காசளவு' எவ்வளவு என்று படிக்கிறவருக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். கேமராவை அண்டாவுக்கு மேலே பிடித்தால் இருபது நொடியில் தீர்ந்தது. உங்கள் முதல் வீடியோ இதுவாகவே இருக்கட்டும்.

பஞ்சகவ்யா தெளிப்பு நேர் எதிர். மூன்று சதவீதக் கரைசல், பத்து லிட்டர் டேங்குக்கு 300 மில்லி. அவ்வளவுதான் சேதி. காலை ஆறு மணிக்கு ஈரக் கையோடு டேங்கைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறவர், உங்கள் பதினோராவது நிமிடத்தில் அந்த எண் வரும் என்று காத்திருக்க மாட்டார். அது எழுத்தில், பதிவின் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். ஒற்றை நாற்று நடவுக்கு இரண்டும் வேண்டும். 14 நாள் நாற்று, வரிசைக்கு வரிசை 25 செ.மீ., குத்துக்குக் குத்து 25 செ.மீ. என்பது எழுத்து. வேரில் ஒட்டிய மண் உதிராமல் நாற்றை எடுப்பதும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடித்து மேலாக வைப்பதும் வீடியோ.

பூச்சி, நோய் அடையாளம் காட்டுவதற்கு வீடியோதான் சிறந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குலைநோயில் இலையில் வரும் கண் வடிவப் புள்ளியையும், இலைச்சுருட்டுப்புழு பச்சையத்தைச் சுரண்டிய வெள்ளைத் தடத்தையும் ஒருவர் தன் வயல் இலையோடு வைத்து ஒப்பிட வேண்டும். அதற்கு அசையாத, பெரிதாக்கிப் பார்க்கக்கூடிய புகைப்படம்தான் சரி. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி, கிச்சிலிச் சம்பா ரகங்களின் வயது, உயரம், சாயும் குணம் என்று நீங்கள் போட்டிருக்கும் அட்டவணைகளையும் தொடாதீர்கள்.

கோயில் பதிவுகளில் யோசிக்கவே வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. தொல்லியல் துறை வசமுள்ள தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம் போன்ற இடங்களில் கேமராவுக்கு முக்காலி நிறுத்திப் படம் பிடிக்க முன் அனுமதி வாங்க வேண்டும். குளம், தேர், வெளிவீதி, திருவிழாக் கடை வரைக்கும் வீடியோ எடுக்கலாம். மற்றது எழுத்துதான்.

அடுத்தது நாக்கு ஒட்டிக்கொள்ளும் பிரச்சினை. அதற்குப் பாதிக் காரணம், பதிவை அப்படியே ஒப்பிக்கப் பார்ப்பது. 'பாரம்பரிய நெல் ரகங்களைப் பயிரிடுவதன் வாயிலாக' என்று நீங்கள் வீட்டிலோ டீக்கடையிலோ ஒருநாளாவது பேசியிருப்பீர்களா? ஒரு துண்டுத் தாளில் நான்கு குறிப்பு மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். மகன் கேமராவுக்குப் பின்னால் நின்று, "ஏம்பா, உப்பு எவ்வளவு போடணும்?" என்று கேட்கட்டும். நீங்கள் அவருக்குப் பதில் சொல்லுங்கள். அவர் குரலும் வீடியோவில் இருந்துவிட்டுப் போகட்டும், வெட்ட வேண்டாம். கேமரா உங்கள் கையையும் அண்டாவையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது முகத்துக்கு வேலையே இல்லை. உங்கள் ஊர்ப் பேச்சையும் மாற்றாதீர்கள். செய்தி வாசிக்கும் தமிழில் உழவு சொன்னால் கேட்க முடியாது. அளவுகளில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். 'மா' கணக்கு ஈரோட்டுக்காரருக்கும் திருவண்ணாமலைக்காரருக்கும் புரியாது. மூன்று மா சுமார் ஒரு ஏக்கர் என்று ஒருமுறை சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

வணக்கம் சொல்லி, சேனல் பெயர் சொல்லி, மணியை அமுக்கச் சொல்லி, பிறகு விஷயத்துக்கு வருவதற்குள் பாதிப் பேர் போய்விடுவார்கள். நேரே அண்டாவில் தொடங்குங்கள்: "கடையில வாங்குன விதைநெல்லுதான். இதுல பதரு எவ்வளவு மெதக்குது பாருங்க." ஐந்து நிமிடம், ஏழு நிமிடம் போதும். அதற்குமேல் இழுத்தால் நீங்கள் சொன்னதையே திருப்பிச் சொல்கிறீர்கள் என்று அர்த்தம்.

கேமரா வாங்காதீர்கள். இருக்கிற போன் போதும், 1080 தரம் போதும். 4கே வைத்தால் போன் நிறைந்து, ஏற்றுவதற்குள் பொழுது விடிந்துவிடும். முதல் செலவு சட்டையில் மாட்டும் மைக்காக இருக்கட்டும். படம் சுமாராக இருந்தாலும் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள்; குரல் கேட்கவில்லை என்றால் உடனே தள்ளிவிடுவார்கள். ஆடிக் காற்றில் திறந்த வயலில் போன் மைக் பிடிப்பது வெறும் இரைச்சல்தான். மைக்குக்குப் பஞ்சு உறை போடுங்கள், மோட்டாரை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். வெளிச்சத்துக்குக் காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை நாலுக்குப் பின்னும் எடுப்பது நல்லது. தண்ணீர் கட்டிய வயலில் வானம் பளபளத்து ஆள் கறுத்துப்போவார். திரையில் ஆள் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் அந்த இடத்துக்கு ஏற்றபடி நின்றுவிடும். பின்னணிக்கு நாதஸ்வர இசைத்தட்டைப் போடுகிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள். கீர்த்தனை பழசாக இருந்தாலும் அந்த ஒலிப்பதிவுக்கு உரிமையாளர் இருப்பார்; யூடியூப் தானாகவே கண்டுபிடித்து விளம்பர வருமானத்தை அவருக்குத் திருப்பிவிடும்.

ஷார்ட்ஸ் போடலாம். 2024 அக்டோபர் முதல் மூன்று நிமிடம் வரை நீளம் அனுமதி. ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: ஷார்ட்ஸின் விவரக் குறிப்பிலும் கருத்துப் பகுதியிலும் நீங்கள் கொடுக்கும் இணைப்பு 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து அழுத்தினால் திறக்காது. அதிலிருந்து நேரே வலைப்பூவுக்கு ஆளை அனுப்ப முடியாது. உங்களுடைய இன்னொரு வீடியோவைத்தான் 'தொடர்புடைய வீடியோ'வாகச் சேர்க்கலாம். ஆகவே முட்டை மிதக்கும் அந்த இருபது நொடியை ஷார்ட்ஸாக வெட்டி, அதில் முழு வீடியோவைக் கோத்துவிடுங்கள். முழு வீடியோவின் விவரக் குறிப்பில் முதல் வரியாகப் பதிவின் முகவரி. அந்த இணைப்பு வேலை செய்ய, யூடியூப் கேட்கும் சரிபார்ப்புகளை முதலிலேயே முடித்துவிடுங்கள். அதே குறிப்பில் 00:00-இல் தொடங்கி நேரக் குறிகளையும் எழுதுங்கள். குறைந்தது மூன்று, ஒவ்வொரு பகுதியும் பத்து நொடிக்காவது இருந்தால் வீடியோ அத்தியாயங்களாகப் பிரிந்து நிற்கும். அவசரக்காரர் வேண்டிய இடத்துக்குத் தாவிக்கொள்வார்.

வருமானத்துக்கு வருவோம். விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரரும், கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்ட கணக்கும் வேண்டும். அல்லது 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடிப் பார்வை. 4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். ஆளுக்கு மூன்று நிமிடம் பார்த்தால்கூட 80,000 பார்வை வேண்டும். ஷார்ட்ஸ் ஓடையில் (ஃபீட்) பார்த்த நேரம் இந்த 4,000-இல் சேராது. தகுதி கிடைத்தபின் நீள வீடியோவின் விளம்பரத்தில் 55 சதவீதம் உங்களுக்கு. 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்து வில்லேஜ் குக்கிங் சேனல் 2021-இல் ஒரு கோடி சந்தாதாரரைத் தொட்டது. அதைப் பார்த்து மகன் மனக்கணக்கு போட்டிருந்தால், சமையலை உலகத்தில் யாரும் பார்ப்பார்கள், விதைநேர்த்தியை விதைக்கிறவர்தான் பார்ப்பார் என்று சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று போகத்துக்கு விளம்பரக் காசை எதிர்பார்க்க வேண்டாம். விதைநெல்லோ அரிசியோ நேரடியாக விற்கிறீர்கள் என்றால், வீடியோ பார்த்துவிட்டு வாங்க வருகிறவர்களால் கிடைப்பது விளம்பரப் பங்கைவிட அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. வலைப்பூவிலும் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் போடலாம். தமிழ்ப் பக்கங்களுக்கு 2018 முதல் அனுமதி உண்டு. பெரிதாக ஒன்றும் தேறாது.

பழைய பதிவுகளை ஒரே மூச்சில் திருத்த உட்காராதீர்கள். அதிகம் தேடப்படும் இருபதை மட்டும் எடுத்து, விடையை முதல் பத்திக்குக் கொண்டுவந்து, வீடியோ தயாரானதும் அதற்குள் பதித்துவிடுங்கள். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால் குறுவை நாற்றங்கால் வேலையோடு முதல் நான்கு வீடியோவும் தானாகவே அமையும்; திறப்பு தள்ளிப்போனால் சம்பா விதைப்பில் தொடங்குங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை வேறொன்று இருக்கிறது. இரண்டு ஆண்டு உள்ளே நுழையாமல் விட்ட கணக்கையும் அதிலுள்ளவற்றையும் நீக்க கூகுள் விதியில் இடமுண்டு. உங்கள் வலைப்பூ கூகுளின் பிளாகரில் இருந்தால், அது எந்த மின்னஞ்சலில் இருக்கிறதோ அதில் அவ்வப்போது நுழையுங்கள். அமைப்புகள் பக்கத்தில் காப்புப் பிரதி எடுக்கும் வசதி உண்டு. எழுத்தும் பின்னூட்டமும் அதில் இறங்கும். படங்களும் வந்ததா என்று பாருங்கள்; வராவிட்டால் தனியாக இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரு பென்டிரைவிலும் மகனுடைய கணினியிலும் போட்டு வையுங்கள்.