தோற்ற மறுநாள்

அன்புள்ள அண்ணனுக்கு,

பொங்கலுக்கு அலங்காநல்லூர் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். எனக்கு ஊர் திருமங்கலம் பக்கம், வேலை சென்னையில். 2017 தை மாதம் கல்லூரிக்குப் போகாமல் ஜல்லிக்கட்டுக்காக மதுரைத் தமுக்கம் மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

போன மாதம் வெளியூர் போனபோது நண்பர்கள் அங்கே குதிரைப் பந்தயம் பார்க்கக் கூட்டிப்போனார்கள். மூன்றாவது பந்தயமோ நான்காவதோ, கடைசி வளைவில் ஒரு குதிரை சட்டென்று குலைந்தது. ஜாக்கி உருண்டு எழுந்துவிட்டார். குதிரை மூன்று காலில் நின்றது. முன்னங்கால் ஒன்று கணுவுக்குக் கீழே துணி மாதிரி ஆடியது. ஆட்கள் ஓடிவந்து பச்சைத் திரையைச் சுற்றிப் பிடித்தார்கள். ஒரு வண்டி வந்தது, போனது. அடுத்த பந்தயத்துக்கு அறிவிப்பு வந்தது. பக்கத்தில் இருந்தவர் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

இரவு அப்பாவிடம் போனில் சொன்னேன். சிரித்தார். "நம்மூர்ல வாடிவாசல்ல இருந்து ஓடுன மாடு கிணத்துல விழுந்து செத்துச்சே, அன்னைக்கு நீ அழுதியாடா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. குதிரைப் பந்தயம் கூடாது என்று நான் சொன்னால், ஜல்லிக்கட்டுக்காக உட்கார்ந்தது பொய்யாகிவிடுமா? நம்முடையது பண்பாடு, அவர்களுடையது சூதாட்டம் என்று சொல்லித் தப்பிக்கவும் மனம் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா கேட்டது நல்ல கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்தப் பச்சைத் திரை.

பந்தயக் குதிரை என்பது 450, 500 கிலோ எடை. நாலுகால் பாய்ச்சலில் ஒரு கணம் அந்த எடை மொத்தமும் ஒரே முன்னங்காலில் இறங்கும். ஓடுகிற வேகத்தையும் சேர்த்தால் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அந்தக் கால் தாங்க வேண்டும். அதுவோ முழங்காலுக்குக் கீழே சதையே இல்லாத கால். எலும்பு, நரம்பு, தோல், அவ்வளவுதான். ரத்த ஓட்டம் குறைவு என்பதால் முறிந்தால் சேர்வது கடினம். மனிதனைப் போல மாதக்கணக்கில் படுக்கவைக்கவும் முடியாது. நின்றுகொண்டே இருந்தால் நல்ல காலில் பாரம் ஏறி, குளம்புக்கும் உள்ளே இருக்கும் எலும்புக்கும் உள்ள பிடிப்பு விட்டுப்போகும். 2006இல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியை வென்ற பார்பரோ என்ற குதிரைக்கு, இரண்டு வாரம் கழித்து அடுத்த பந்தயத்தில் பின்னங்கால் நொறுங்கியது. உடைமையாளர்கள் பணத்தைப் பார்க்கவில்லை. நாட்டின் சிறந்த மருத்துவர்கள் எட்டு மாதம் போராடினார்கள். கால் ஓரளவு சேர்ந்தது, மற்றக் கால்களில் குளம்பு போனது. 2007 ஜனவரியில் ஊசி போட்டு உயிரை முடித்தார்கள். ஆகவே திரைக்குப் பின்னால் அந்த ஊசியைப் போட்ட மருத்துவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். பெரும்பாலும் அந்த மைதானத்தில் அந்தக் குதிரைக்காக யோசித்த ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

எனக்குக் கேள்வி எல்லாம் அந்த வளைவுக்கு முன்னால் நடந்ததைப் பற்றித்தான். வட அரைக்கோள நாடுகளின் பந்தய உலகில் குதிரைகளுக்கு ஒரே பிறந்தநாள், ஜனவரி 1. ஏப்ரலில் பிறந்த குட்டிக்கும் அன்று ஒரு வயது கூடிவிடும். 'இரண்டு வயது' பந்தயத்தில் ஓடுவது சில நேரம் இரண்டு வயது நிரம்பாத குட்டி. அதன் முதுகெலும்பு வளர்ந்து முடிய ஐந்து வயதுக்கு மேல் ஆகும். இளம் வயதில் அளவாக ஓடவிட்டால் எலும்பு உறுதிப்படும் என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு, அது உண்மைதான். ஆனால் அளவாக ஓடுவதற்கு யாரும் பரிசு கொடுப்பதில்லை. நம் ஊரில் பல் போடாத கன்றின் கழுத்தில் நுகத்தடியை வைத்துப் பாருங்கள், டீக்கடையில் உங்களை உட்காரவிட மாட்டார்கள்.

இதெல்லாம் விதி என்றும் சொல்லமுடியாது. கலிஃபோர்னியாவின் சாண்டா அனீட்டா திடலில் 2018 டிசம்பர் கடைசியிலிருந்து மூன்று மாதத்தில் 23 குதிரைகள் செத்தன. ஊரே கொதித்தது. திடலைச் சில வாரம் மூடினார்கள், மண்ணைச் சோதித்தார்கள், மருந்துக்குக் கட்டுப்பாடு வந்தது, ஓடுவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கடுமையானது. அடுத்த வருடங்களில் சாவு குறைந்தது. அப்படியானால் முன்பே குறைத்திருக்கலாம் இல்லையா? சாட்டையும் அப்படித்தான். நார்வேயில் 1982லேயே பந்தயத்தில் குதிரையைச் சாட்டையால் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அங்கே இன்னும் பந்தயம் நடக்கிறது, யாராவது ஒருவர் முதலில் வருகிறார்.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் கலைஞர் ஆட்சியில் சட்டம் வந்தது. அது நீதிமன்றத்தில் இழுத்துக்கொண்டு கிடந்தது. 1986இல் எம்.ஜி.ஆர். ஆட்சி சென்னை கிண்டியில் பந்தயம் நடத்தும் ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் போட்டது. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பந்தயத்தில் ஜெயிப்பது அதிர்ஷ்டத்தால் அல்ல, திறமையால், ஆகவே சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது. இருபத்திரண்டு வருட வழக்கு. கூலியைக் கொண்டுபோய்க் கட்டித் தோற்றவனின் குடும்பத்தைப் பற்றிப் பேசினார்கள், நியாயம். கிளப்பின் சொத்துரிமையைப் பற்றிப் பேசினார்கள். ஓடுகிற குதிரைக்கு வலிக்குமா என்பது அந்த வழக்கின் கேள்வியாகவே இல்லை. 2024 செப்டம்பரில் கிண்டியின் 160 ஏக்கர் குத்தகையை அரசு ரத்து செய்து சீல் வைத்தபோதும் பேச்செல்லாம் வாடகை பாக்கி, பூங்கா, குளம். ஒரு விஷயம் தெரியுமா, 1960ஆம் வருடத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் விலங்கை வதைத்தவனுக்கு முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. மாட்டுத்தாவணியில் ரெண்டு பேர் டீயும் வடையும் சாப்பிட்டால் அதைவிட அதிகமாகும்.

மதுரைக்கும் குதிரைக்கும் பழைய பழக்கம். பாண்டியர்கள் கடல் வழியாக அரபு நாட்டுக் குதிரைகளை ஆயிரக்கணக்கில் இறக்கினார்கள். 1290களில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, வருடத்துக்கு இரண்டாயிரம் வாங்கினாலும் வருடக் கடைசியில் நூறுகூட மிஞ்சாது, பராமரிக்கத் தெரியாமல் சாகவிடுகிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம், பயணிகளின் வழக்கம் அது. நம் திருவிளையாடல் கதையிலும் குதிரை உண்டு. குதிரை வாங்கத் திருவாதவூரார், அதாவது மாணிக்கவாசகர், கொண்டுபோன பணம் கோயிலுக்குப் போய்விட, இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்தார். நடுராத்திரியில் அவை மறுபடி நரியாகி, லாயத்தில் முன்பே இருந்த குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடின. திருவாதவூரார் வைகை மணலில் வெயிலில் நின்றதை வருடா வருடம் ஆவணி மூலத்தில் நினைக்கிறோம். கட்டுத்தறியில் கட்டிக்கிடந்து கடிபட்ட குதிரைகளைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. நானும் சின்ன வயதில் கேட்டதில்லை.

இப்போது உங்கள் கேள்வி. காளைக்கும் பந்தயக் குதிரைக்கும் வேறுபாடு உண்டு. வாடியை விட்டு வந்த காளையின் முதுகில் ஆள் கிடையாது, அதன் ஓட்டம் பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடம், மற்ற நாளெல்லாம் அது வீட்டு வாசலில் கட்டிக்கிடந்து வருகிறவர் போகிறவரிடம் தடவல் வாங்குகிறது. பந்தயக் குதிரை நாளின் பெரும் பகுதியைத் தனிக் கொட்டடியில் கழிக்கிறது. இதையெல்லாம் நானும் மேடையில் சொல்லியிருக்கிறேன். ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் நாம் வசதியான இடத்தில் நிறுத்திவிட்டோம் என்று அர்த்தம். நம் மாவட்டத்துத் தார்ச்சாலையில் கோயில் திருவிழாவுக்கு மாட்டுவண்டி, குதிரைவண்டிப் பந்தயம் நடக்கிறதே. போக வர எட்டு மைல், பத்து மைல். குளம்புக்குக் கீழே தார், இரண்டு பக்கமும் ஹாரன் அடித்துக்கொண்டு பைக், வண்டியோடு இறங்கி ஓடும் ஆளின் கையில் மாட்டைக் குத்துகிற தார்க்குச்சி. சின்ன மாடுகளுக்கு பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு, கரிச்சான் என்று என்ன அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். பெயர் வைத்தவனுக்கு மாட்டின் மேல் பிரியம் இல்லை என்று சொல்லவே முடியாது. அந்தப் பிரியத்தோடுதான் குத்துகிறான். ஜல்லிக்கட்டுத் தடையின் கதை தொடங்கியதே 2006இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ரேக்ளா என்ற மாட்டுவண்டிப் பந்தயம் நடத்த அனுமதி கேட்டு வந்த ஒரு மனுவில்தான் என்பதைத் தமுக்கத்தில் உட்கார்ந்த பலருக்கு நாம் சொல்லவில்லை.

நான் இப்போதெல்லாம் எந்த விளையாட்டைப் பற்றியும் ஒன்றைத்தான் கேட்கிறேன். தோற்ற மறுநாள் அந்த விலங்கு எங்கே இருக்கிறது? பழையதா புதியதா, பணக்காரனுடையதா ஏழையுடையதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

ஃபெர்டினாண்ட் என்று ஒரு குதிரை. 1986இல் கென்டக்கி டெர்பி ஜெயித்தது, அடுத்த வருடம் அமெரிக்காவின் ஆண்டுச் சிறந்த குதிரை. பிறகு இனவிருத்திக்காக ஜப்பானுக்கு விற்றார்கள். அங்கே குட்டிகள் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. 2002இல் அது அடிமாடு போன வழியில் போய்விட்டது. செய்தி வெளியே வரவே ஒரு வருடம் ஆனது. ஜெயித்த குதிரைக்கே இந்தக் கதி. சிங்கப்பூரில் 2024 அக்டோபரில் கடைசிப் பந்தயத்தை ஓட்டி, 180 வருடத்துக்கு மேலான வழக்கத்தை முடித்தார்கள். காரணம் குதிரை அல்ல, வீடு கட்ட நிலம் வேண்டும். ஆனாலும் ஒன்றைச் சரியாகச் செய்தார்கள்: குதிரைகளை வேறு இடங்களுக்கு அனுப்ப அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் ஒதுக்கினார்கள். நம் ஊரில் நாளைக்கே தடை என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் லாயத்தில் நிற்கும் குதிரைக்கு நாளை மறுநாள் யார் கொள்ளு வைப்பார்கள்? இதனால்தான் தடை என்ற சொல் எனக்கு அவ்வளவு சீக்கிரம் வாயில் வருவதில்லை. ஒவ்வொரு டிக்கெட்டிலிருந்தும், ஒவ்வொரு பரிசுப் பணத்திலிருந்தும் ஒரு பங்கை ஓய்வுபெற்ற குதிரைக்கு எடுத்து வை, குட்டியை ஓடவிடாதே, சாட்டையைக் கீழே போடு என்பேன். அதற்கும் கட்டுப்படியாகவில்லை என்றால் அந்தத் தொழில் குதிரையின் கணக்கில்தான் இத்தனை நாள் லாபம் பார்த்தது என்று ஆகும். அப்போது மூடட்டும்.

இதே கேள்வியை நம் வாடிவாசலில் கேட்டால் எனக்கு முகம் கொடுக்க முடிவதில்லை. எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரு மயிலைக் காளை இருந்தது. மூன்று வருடம் பிடிபடவில்லை. நாலாவது வருடம் ஒரு பையன் திமிலைக் கட்டிக்கொண்டு தொங்கிவிட்டான். சுத்தமான பிடி, சண்டைக்கே இடமில்லை. பெரியப்பா வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசவில்லை. அடுத்த சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். காளையைக் கன்றிலிருந்து வளர்த்தது பெரியம்மா. தவிடும் பருத்திக்கொட்டையும் அவர் கையால்தான் தின்னும். அவர் கழுத்து மணியை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொண்டார். அடுப்படியில் ஆணியில் அது தொங்கும், காற்றடித்தால் சத்தம் வரும். கேரளாவுக்கு லாரி ஏறியிருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் சொன்னதில்லை. 2017இல் நான் மைக் பிடித்து, ஜல்லிக்கட்டு இல்லையென்றால் நாட்டுக்காளை அடிமாடாகப் போய்விடும் என்று பேசினேன். பேசும்போது அந்த மணி நினைவுக்கு வந்தது. அதை விழுங்கிவிட்டுத்தான் மேலே பேசினேன்.

நீங்கள் தமுக்கத்தில் உட்கார்ந்தது பொய் இல்லை. குதிரைக்காக மனம் கலங்கியதும் பொய் இல்லை. முதலாவதை இரண்டாவது கொஞ்சம் உறுத்தட்டும், உறுத்தலோடு இருங்கள். அப்பாவிடம், கிணற்றில் விழுந்த மாட்டுக்கு அன்று அழாதது தப்புதான் என்று சொல்லுங்கள். கோபித்தால் என் பெயரைச் சொல்லுங்கள். அந்தக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டியாகிவிட்டதா என்றும் அவரிடமே கேளுங்கள்.

எங்கள் தெருவில் ஒருவர் வீட்டில் இரண்டு முறை பிடிபட்ட காளை ஒன்று இன்னும் நிற்கிறது. வயதாகிவிட்டது, முன்பல் ஆடுகிறது. வைக்கோல் விலையைச் சொல்லி அவர் தினமும் அதைத் திட்டுவார், திட்டிக்கொண்டே போடுவார். விற்கவில்லையா என்று கேட்டால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவார். தைக்கு ஊருக்கு வந்தால் இந்தப் பக்கம் வாருங்கள், காட்டுகிறேன். வெறுங்கையோடு வராமல் ரெண்டு கிலோ பருத்திக்கொட்டை வாங்கிக்கொள்ளுங்கள். ஊறவைத்து ஆட்டித்தான் கொடுக்கணும், அதற்கு மெல்ல முடியவில்லை.

அன்புடன்.