தோழி வீட்டில் ரோஷ் ஹஷானா: மகளுக்கு என்ன சொல்லித் தருவது?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். எங்களையும் ஏழு வயது மகளையும் அவளது யூதத் தோழியின் வீட்டில் ரோஷ் ஹஷானா விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவளுக்கு என்ன சொல்லி வைக்கலாம்? என்ன வாங்கிக்கொண்டு போகலாம்?

பதில்: ரோஷ் ஹஷானா யூதர்களின் புத்தாண்டு. புத்தாண்டு என்றதும் மகள் பட்டாசை எதிர்பார்க்கப்போகிறாள். இது பாதி கொண்டாட்டம், பாதி சுயபரிசோதனை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். யூத நாட்காட்டியில் வரும் திஷ்ரி மாதத்தின் முதல் இரண்டு நாட்கள்தான் பண்டிகை. ஆனால் முந்தைய நாள் பொழுது சாய்ந்ததுமே தொடங்கிவிடும்.

ஆப்பிள் துண்டைத் தேனில் தொட்டுத் தருவார்கள், வரும் வருஷம் இனிக்கட்டும் என்று. (ஒரு வயது நிரம்பாத தம்பியோ தங்கையோ இருந்தால் தேன் கூடவே கூடாது.) வழக்கமாக நீளப் பின்னலாக இருக்கும் ஹல்லா ரொட்டி அன்று வட்டமாக வரும். மாதுளைக்குள் 613 முத்துகள், யூதர்களின் வேதமான தோராவின் கட்டளைகளும் அத்தனையே என்பார்கள். எண்ணினால் சரியாக வராது, ஆசைப்பட்டால் எண்ணட்டுமே. சில வீடுகளில் மீன் தலையும் இருக்கும். வாலாக இல்லாமல் தலையாக இருப்போம் என்ற வேண்டுதல் அது.

தொழுகைக் கூடத்தில் ஆட்டுக்கிடாவின் கொம்பான ஷோஃபரை ஊதுவார்கள்: நீளமாக ஒன்று, விம்முவதுபோல மூன்று, விட்டுவிட்டு ஒன்பது. கையைக் குவித்து வீட்டிலேயே ஊதிக் காட்டுங்கள், உடனே பிடித்துக்கொள்வாள். பண்டிகை சனிக்கிழமையில் வந்தால் பல இடங்களில் அன்று ஊத மாட்டார்கள்.

பெரும்பாலானவர்கள் ஆப்பிளும் தேனுமாக நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது போதாது. திஷ்ரி பத்தாம் நாள் யோம் கிப்பூர் என்ற பாவமன்னிப்பு நாள், பெரியவர்கள் சுமார் 25 மணி நேரம் உபவாசம் இருக்கும் நாள். ஒருவர் மனதை நோகடித்துவிட்டுக் கடவுளிடம் மட்டும் வேண்டினால் அது தீராது, அவரிடமே போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது யூத மரபு. "தோழியோட பென்சில் பாக்ஸை உடைச்சிட்டு சாமிகிட்ட சாரி சொன்னா போதுமா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மீதியை அவளே பேசுவாள்.

சரி, என்ன கொண்டுபோவது? கோஷர் எனும் யூத உணவு விதிகளைப் பார்க்கும் வீடென்றால் மைசூர்பாகு வேண்டாம். நெய்யும் பால் கணக்குதான். இறைச்சி சாப்பிட்டபின் பல மணி நேரம் பால் பொருள் தொட மாட்டார்கள். வீட்டில் சமைத்ததையும் தவிர்த்துவிடுங்கள். நறுக்காத முழுப் பழம் பிரச்சினையே இல்லை. இரண்டாம் இரவு, அந்தப் பருவத்தில் இன்னும் சாப்பிடாத ஒரு பழத்தைத் தேடி வைப்பது வழக்கம். அன்றைக்குத்தான் விருந்தென்றால் டிராகன் ஃப்ரூட், லிச்சி எது கிடைத்தாலும் மகள் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள்.