வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு சர்வதேச அளவில் சட்டப் பாதுகாப்பு இருக்கிறதா?

இருக்கிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு (ஐ.எல்.ஓ.) 1996இல் நிறைவேற்றிய 177ஆம் எண் உடன்படிக்கை. வீட்டில் உட்கார்ந்து கூலிக்கு வேலை செய்பவரும் தொழிலாளிதான். கூலி, சங்கம், பேறுகாலம், பாதுகாப்பு எல்லாவற்றிலும் மற்றத் தொழிலாளர்களைப் போலவே நடத்த வேண்டும் என்கிறது அது. அகமதாபாத்தில் உள்ள 'சேவா' (SEWA) என்ற சுயதொழில் பெண்கள் சங்கம் இதற்காக ரொம்பவே போராடியது. ஆனால் இந்தியா இன்னும் இதை ஏற்கவில்லை. எனக்கு ஆறாத வருத்தம் அது.

கம்ப்யூட்டர் வேலை என்றால், எப்போதாவது ஒருநாள் வீட்டிலிருந்து பார்ப்பவர் இதில் வரமாட்டார். வழக்கமாகவே வீட்டிலிருந்து பார்ப்பவர் வருவார்.

இந்த விஷயத்தை நான் அம்மாவின் பீடித்தட்டிலிருந்துதான் பார்க்கிறேன். ஆலங்குளம் பக்கம் எங்கள் ஊர். ராத்திரி இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பார். விடிந்ததும் வெட்டி, தூள் வைத்துச் சுற்றுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் முனை மடக்குவேன். கடையில் கொடுக்கும் இலையில் பாதி ஓட்டையும் கிழிசலுமாக இருக்கும். ஆயிரம் பீடி தேறாது. குறைகிற இலையை அம்மா கைக்காசு போட்டு வாங்குவார். அப்புறம் சாயங்காலம் கடையில் ஒரு கைப்பிடி பீடியைக் 'கழிவு' என்று ஒதுக்குவார்கள். அதற்குக் கூலியும் கிடையாது, பீடியும் திரும்பி வராது.

உடன்படிக்கையோடு வந்த 184ஆம் பரிந்துரையைப் படித்தபோது, எங்கள் வீட்டுத் திண்ணையைப் பார்த்து எழுதியது போல இருந்தது. வேலைக்கு ஆகும் மின்சாரம், தண்ணீர் போன்ற செலவை ஈடுகட்ட வேண்டும். நியாயமில்லாமல் கூலியைப் பிடிக்கக் கூடாது. கெடு வைத்து அன்றாட ஓய்வையும் வார ஓய்வையும் பறிக்கக் கூடாது என்கிறது.

பீடிக்காவது 1966இலேயே இங்கே தனிச் சட்டம் வந்தது. வீட்டில் சுற்றுபவர்களையும் அது சேர்த்துக்கொண்டது. முதலாளிகள் வழக்குப் போட்டும் 1974இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. அப்பளம் போடுபவருக்கும், வீட்டில் பனியன் பிசிறு வெட்டுபவருக்கும் அப்படி ஒன்று வரவே இல்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது இந்த மாதிரி வேலை செய்தால், வாங்கிய சரக்கு, கொடுத்த உருப்படி, கழித்தது எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். அம்மா காலண்டர் தாளில் குறித்து வைத்ததைக் காட்டித்தான் ஒருமுறை விட்டுப்போன கூலியை வாங்கினோம்.