பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு 50 ஆயிரம், எங்களுக்கு மட்டும் ஏன் 25 ஆயிரம்?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கிறேன். எங்கள் பள்ளியில் 94 பிள்ளைகள். ஆண்டு மானியம் 25,000 ரூபாய். மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள பள்ளியில் 112 பிள்ளைகள்தான், ஆனால் அவர்களுக்கு 50,000. ஓசூர் பக்கம் போனால் பளபளப்பான வகுப்பறைகள். எங்களுக்கோ சுற்றுச்சுவர்கூட இல்லை, ஆடு மாடு உள்ளே வருகிறது. கேட்டால் டெல்லியிலிருந்து பணம் வரவில்லை என்கிறார்கள். இது பாரபட்சம்தானே? கூடுதலாக வாங்க வழி உண்டா?

பதில்: உங்கள் பள்ளியை யாரும் ஓரங்கட்டவில்லை. படிக்கணக்கில் ஒரு படி கீழே நிற்கிறீர்கள், அவ்வளவுதான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையை மட்டும்தான் பார்க்கும். 30 பேர் வரை 10,000, 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். நாடு முழுக்க இதே அளவுகோல். பள்ளி மலை உச்சியில் இருக்கிறதா, பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிறதா என்ற கேள்வியே அதில் கிடையாது. சாக்பீஸ் பெட்டியை மேலே கொண்டுபோக ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசும் அந்த 25,000-க்குள்தான்.

படிக்கணக்கின் கோளாறும் இங்கேதான். உங்கள் பள்ளியில் தலைக்கு 266 ரூபாய், பக்கத்து ஊரில் 446. இன்னும் 7 பிள்ளைகள் சேர்ந்தால் உங்களுக்கும் இரட்டிப்பு. ஆனால் அந்தப் பள்ளியில் எண்ணிக்கை 240 ஆகிவிட்டால் அவர்களுக்குத் தலைக்கு 208 ரூபாய்தான் வரும், உங்களைவிடக் குறைவு. இந்த எண்ணிக்கை யூடைஸ் என்ற நாடு தழுவிய பள்ளித் தகவல் பதிவிலிருந்து எடுக்கப்படுகிறது. வந்து சேர்ந்த பிள்ளை எமிஸில் (மாநிலக் கல்வித் துறையின் இணையப் பதிவு) ஏறாமல் விட்டுப்போயிருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பேரை மட்டும் எழுதி எண்ணிக்கை காட்டும் பழைய வித்தையை யாராவது சொல்லிக்கொடுத்தால் காதிலேயே வாங்காதீர்கள்.

சரி, டெல்லிப் பணம். அது பொய்யில்லை. இந்தத் திட்டச் செலவில் ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 என்பது பொதுவான பங்கு. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90:10. தேர்ந்தெடுத்த பள்ளிகளை மாதிரிப் பள்ளிகளாக்கும் ஒன்றிய அரசின் பிஎம் ஸ்ரீ திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதால் 2024-25-க்கான ஒன்றியப் பங்கு, சுமார் 2,152 கோடி ரூபாய், நிறுத்தி வைக்கப்பட்டது. மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பணம் தாமதமாவதற்கும் தவணை குறைவதற்கும் இது காரணம். ஆனால் ஒரே வட்டாரத்தில் இருக்கும் இரண்டு பள்ளிகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்துக்கு இது காரணமே இல்லை. இதைச் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பினால், "அது சரிங்க, எங்களுக்கு இந்த ஆண்டு அனுமதியான தொகை எவ்வளவு, விடுவித்தது எவ்வளவு?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, பத்து ரூபாய்ச் செலவு.

இந்த மானியத்துக்காக மல்லுக்கட்டுவதற்கு முன் ஒரு கணக்கைப் பாருங்கள். இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 20,600 ரூபாய். அகவிலைப்படி சேர்த்தால் ஒரே மாதச் சம்பளம் உங்கள் பள்ளியின் ஓராண்டு மானியத்தைத் தாண்டிவிடும். அப்படியானால் ஓர் ஆசிரியர் பணியிடம் ஓராண்டு காலியாகக் கிடந்தால் அந்தப் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய எத்தனை லட்சம் சேராமல் போகிறது? அரசுப் பள்ளிகளுக்கு இடையிலான பெரிய ஏற்றத்தாழ்வு இதுதான் என்பது என் கருத்து. ஆசிரியர் இடமாறுதல் கலந்தாய்வில் டவுனை ஒட்டிய இடங்கள் முதலில் நிரம்பும், உள்ளடங்கிய ஊர்கள் மிஞ்சும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தொடக்க நிலையில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும். 6 முதல் 8 வரை, கணிதம்-அறிவியல், சமூக அறிவியல், மொழி ஆகிய மூன்றுக்கும் குறைந்தது ஒருவராவது வேண்டும். உங்கள் பள்ளியில் இந்தக் கணக்கு இடிக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்யும் பணியிட நிர்ணயம் ஆகஸ்ட் 1 நிலவரப்படி நடக்கும். காலியிடம் பற்றிய தீர்மானத்தை அதையொட்டியே வட்டாரக் கல்வி அலுவலரிடம் சேர்த்துவிட வேண்டும். டிசம்பரில் கொடுத்தால் அது ஃபைலில் தூங்கும்.

ஓசூர்ப் பளபளப்புக்கு வருவோம். அதில் பெரும்பகுதி பள்ளி மானியத்தில் வந்திருக்க வாய்ப்பில்லை. கம்பெனிகள் சட்டத்தின்படி பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், அதிலும் தாங்கள் இயங்கும் உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும். தொழிற்சாலை இருக்கும் இடத்தில் பணம் பொழிகிறது, உங்கள் மாவட்டத்து அஞ்செட்டி மலையில் ஏது தொழிற்சாலை? கொடுப்பவர்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் நன்கொடை தானாகவே வசதியுள்ள இடத்தை நோக்கித்தான் ஓடுகிறது. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் இணையதளத்தில் கொடுப்பவர்கள் பள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம். உங்கள் தேவை அதில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓசூரில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர் யாராவது இருந்தால் அவரைப் பிடியுங்கள். முன்பின் தெரியாத நிறுவனத்துக்கு எழுதும் பத்துக் கடிதத்தைவிட அது பலன் தரும்.

இனி சுற்றுச்சுவர். பள்ளி மானியத்தில் அதைக் கட்டவே முடியாது. பழுதான பொருளை மாற்ற, கற்பித்தல் உபகரணம் வாங்க, மின்கட்டணம் கட்ட, சின்னச் சின்னப் பழுது பார்க்கத்தான் அது. அதிலும் 10 சதவீதமாவது தூய்மைப் பணிக்கு. (நூலகத்துக்கும் விளையாட்டுக்கும் தனி மானியம் உண்டு. பல நேரம் அது ரொக்கமாக வராமல் பொருளாக வரும்.) மார்ச் 31-க்குள் செலவாகாத தொகை கைவிட்டுப் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பில் இல்லாமல் அவசரமாகச் செலவழித்துவிட்டுத் தணிக்கையில் தலைமையாசிரியர் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

உங்களுடையது ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்பதால் கட்டுமானத்துக்குப் போக வேண்டிய கதவு ஊரக வளர்ச்சித் துறை, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலரின் (பி.டி.ஓ.) அலுவலகம். குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம் அந்தத் துறையின் வழியாகத்தான் வருகிறது. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருடையது 5 கோடி. ஒரு சுவர் அதில் பெரிய தொகையல்ல. பல ஊர்களில் நூறு நாள் வேலைத் திட்டத்தோடு இணைத்தும் சுவர் எழுப்பியிருக்கிறார்கள்.

மனு எழுதும்போது ஒன்றை மறக்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழு தயாரிக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டம்தான் அரசின் திட்டங்களுக்கும் மானியங்களுக்கும் அடிப்படையாக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு சொல்கிறது. பெரும்பாலான பள்ளிகளில் அந்தத் திட்டம், கையெழுத்து வாங்கி பீரோவில் வைக்கும் காகிதமாகிவிட்டது. உங்கள் பள்ளியின் திட்டத்தில் சுற்றுச்சுவர் இருக்கிறதா என்று முதலில் எடுத்துப் படியுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதக் கூட்டத்தில் சேர்த்துத் தீர்மானம் போடுங்கள், அதையே கிராம சபையிலும் வையுங்கள். அப்புறம், கூட்டத்துக்கு முன்னால் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு இரண்டு பேர் பள்ளியைச் சுற்றி வாருங்கள். "சுற்றுச்சுவர் வேண்டும்" என்று எழுதாமல், எந்தப் பக்கம், எத்தனை மீட்டர், கேட் எங்கே என்று எழுதினால் பொறியாளர் மதிப்பீடு போட ஒரு வேலை மிச்சம்.